காக்கைக்கு வைத்த சோறு

லீலாவதி அத்தை தன் பால்கனிக்கு வரும் புறாக்களுக்கு அமைச்சகத்துப் பதவிகளைப் பெயராக வைத்திருந்தார். மற்றவற்றை நெட்டித் தள்ளிவிட்டுத் தட்டின் நடுவில் நிற்கும் கொழுத்த ஆண் புறா, ஜாயிண்ட் செகரட்டரி. அதன் பின்னாலேயே தலையை ஆட்டிக்கொண்டு நடப்பது அண்டர் செகரட்டரி. எப்போதாவது வந்து தின்றுவிட்டுப் பல நாள் காணாமல் போவது டெபுடேஷன். இடது காலில் விரல்கள் தேய்ந்துபோன ஒரு பெட்டைப் புறாவுக்கு மட்டும் பதவி கிடையாது. அதை ‘பாப்பா’ என்று கூப்பிடுவார்.

“ஆபீஸ்ல எல்லாரு பின்னாலயும் நான் ஓடறன். இங்க எல்லாரும் என் சோத்துக்கு ஓடறாங்க” என்று சிரிப்பார்.

அந்தப் புறாக்கள்தான் அவருடைய நுரையீரலைக் கெடுத்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எழுதப்போவதைப் படிக்கிறவர்கள் இதை ஓர் அழகான பறவைக் கதை என்று நினைத்துவிடக்கூடும்.

அத்தைக்குத் திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர். பத்தாவது வரை படித்தவர். என் தாய்மாமா பூவராகவனைக் கட்டிக்கொண்டு தில்லிக்கு வந்தவர். மாமா ஓர் அமைச்சகத்தில் எழுத்தர். பிள்ளை இல்லை. கிட்வாய் நகரில் பழைய குடியிருப்பை இடித்துக் கட்டிய அடுக்குமாடியில், ஒன்பதாவது மாடியில், அவர்களுக்கு வீடு கிடைத்தது. சுவரில் ஆணி அடித்துப் படம் மாட்டி முடிப்பதற்குள் கொரோனாவின் இரண்டாவது அலை வந்துவிட்டது. மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது, ஆக்ஸிஜன் கிடைக்கவில்லை.

அத்தையும் அப்போது காய்ச்சலோடு வீட்டில் அடைந்து கிடந்தார். உடலைப் பார்க்கவில்லை. மாமாவோடு வேலை பார்த்த ஸ்ரீதர் என்பவர் மயானத்திலிருந்து ஒரு மண்சட்டியில் சாம்பல் கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார். “அன்னிக்கு எத்தினி பேரு எரிஞ்சாங்களோ. அது உங்க மாமாதானான்னு யாரு சொல்ல முடியும்?” என்று அத்தை பிறகு என்னிடம் கேட்டார். அழுகையில்லாமல், ஒரு சந்தேகத்தைக் கேட்பதுபோலக் கேட்டார்.

கருமாதியை ஊரில் செய்தார்கள். அத்தை கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். வாழையிலையில் பிண்டம், அதற்கு அப்பால் வெறும் வரப்பு. எவ்வளவோ நேரம் கூப்பிட்டும் காக்கை வரவில்லை. வெயில் ஏறியதும் எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் யார்தான் கூட்டமாக நிற்பார்கள்? பிண்டத்தைப் பசுவுக்குக் கொடுத்துவிட்டுக் கலைந்துபோனார்கள். அத்தையின் மனதில் மாமாவின் சாவைவிட அந்த வெற்று வரப்புதான் நிலைத்துப்போயிற்று. காக்கா எடுக்கல. அவருக்கு இன்னும் ஏதோ குறை இருக்கிறது.

கருணை அடிப்படையில் அத்தைக்கு அமைச்சகத்திலேயே கடைநிலை வேலை கிடைத்தது. கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாகப் போகிற வேலை. காலையில் கிளம்புவதற்கு முன் ஒரு பிடி சோற்றைப் பால்கனிச் சுவரில் வைத்து, “கா... கா...” என்று கூப்பிடுவார். தில்லியின் காக்கைகள் கீழே மரங்களிலும் குப்பைத் தொட்டியிலும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்பதாவது மாடிக்கு ஒன்றும் ஏறி வரவில்லை. புறாக்கள் வந்தன. முதலில் துடைப்பத்தால் விரட்டினார். விரட்டியதும் போய், அவர் உள்ளே திரும்பியதும் வந்துவிடும்.

ஒருநாள் ஒரு புறா பறக்காமல் நின்றுவிட்டது. காலில் பட்டம் விடும் நூல் சுற்றி இறுகி, விரல்கள் கறுத்துப் போயிருந்தன. அத்தை அதைத் துண்டில் சுருட்டி மடியில் வைத்து, தையல் கத்தரியால் நூலை வெட்டினார். அதுதான் பாப்பா. அதன் பிறகு துடைப்பம் எச்சத்தைப் பெருக்க மட்டும் பயன்பட்டது.

நான் விலங்கியலில் பட்டம் வாங்கி, ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை கிடைத்து, அத்தை வீட்டில் தங்க வந்தபோது இதெல்லாம் நடந்து நாளாகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். புறாவின் இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று படம் போட்டு மதிப்பெண் வாங்கியவள். ஆனால் ஒரு புறா மனுஷியின் மணிக்கட்டில் உட்கார்ந்து கண்ணை மூடுவதை அங்கேதான் பார்த்தேன். படித்ததற்கும் பார்ப்பதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அன்று முழுக்க யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

“மாமாதான் புறாவா வந்துருக்காரோ என்னவோ” என்று ஒருமுறை சும்மா சொன்னேன்.

“போடி. உங்க மாமா பந்தில குந்தி இப்பிடிச் சண்ட போடமாட்டாரு” என்றார்.

அவற்றை அவர் அப்படி எதுவாகவும் நினைக்கவில்லை. அவை பசியோடு வந்தன, அவர் போட்டார். மாமா போன பிறகு பல மாதம் படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் கிடந்தவரை, விடிவதற்கு முன்பே கண்ணாடியைக் கொத்தி எழுப்பியவை அவைதான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம் ஊர் மளிகை விற்கும் கடையில் நொய்யரிசியை மூட்டையாகவே வாங்குவார். “இன்னாம்மா, வூட்ல யாருக்கு ஜொரம்? கஞ்சியே ஓய மாட்டேங்குதே?” என்று கடைக்காரர் கேட்பார். “எங்க ஆபீசருங்களுக்கு” என்பார் அத்தை.

பிறகு இருமல் வந்தது.

சளி இல்லாத வறட்டு இருமல். தீபாவளி முடிந்து தில்லியின் வானம் சாம்பல் நிறமாக இறங்கிவிடும் பருவம் அது. ஊர் முழுக்க இருமியது. எதிர்வீட்டு ஹம்சா மாமி வெந்நீரில் மிளகு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

“லீலா, இது பொல்யூஷன்தான், வேற ஒண்ணுமில்லை. எங்காத்து மனுஷரும் நவம்பர் வந்தா இப்படித்தான் குரைக்கறார். ஜன்னலையெல்லாம் சாத்திண்டு உள்ளேயே இரு.”

பக்கத்துத் தெரு மருத்துவரும் அதையே சொல்லி ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். ஜன்னல்களைச் சாத்தினோம். பால்கனிக் கதவை மட்டும் அத்தை சாத்த விடவில்லை. மெட்ரோ நிலையத்தின் படிகளில் பாதியில் நின்றார். ஆபீசில் மேல்மாடிக்குக் கோப்பு கொண்டுபோக நேரமானது என்று ஓர் அதிகாரி எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். ரவிக்கைகள் தொளதொளத்தன. தினமும் காலையில் காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கும்போது வெள்ளையாகப் புழுதி எழும். அதற்குள் நின்று இருமிவிட்டு, மறுபடி பெருக்குவார்.

குளிர் ஏறியதும் அவர் படுத்துக்கொண்டே பேச முடியாமல் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். படம் எடுத்தார்கள், குழாயில் ஊதச் சொன்னார்கள். நுரையீரல் பிரிவில் இருந்த பெண் மருத்துவர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். படங்களை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இந்தியில் கேட்டார்: “வீட்டில் கபூதர் உண்டா? வளர்க்கிறீர்களா? பால்கனியில் கூடு, எச்சம்?”

“நஹி ஜி” என்றார் அத்தை. யோசிக்கவே இல்லை.

கபூதர், புறா, என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் முந்தானையை இழுத்து இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். மருத்துவர் அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார்.

“இருக்கு டாக்டர்” என்றேன். “தினமும் சோறு வைக்கிறாங்க. எச்சத்தை இவங்களேதான் பெருக்குறாங்க.”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். புறாவின் காய்ந்த எச்சமும் இறகிலிருந்து உதிரும் பொடியும் சிலருடைய நுரையீரலுக்கு ஆகாது என்றார். உடல் அதை எதிர்த்து எதிர்த்துத் தன்னையே புண்ணாக்கிக்கொள்கிறது, புண் தழும்பாகிறது, தழும்பான இடம் திரும்ப மூச்சு வாங்காது. “ஏற்கெனவே தழும்பு இருக்கிறது. மாத்திரை தருகிறேன். ஆனால் புறா போகாமல் மாத்திரையால் பிரயோசனம் இல்லை. இன்றைக்கே நிறுத்தினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். இல்லாவிட்டால் ஆக்ஸிஜன் சிலிண்டரோடுதான் வாழ வேண்டும், அதுவும் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது.”

ஆக்ஸிஜன் என்ற சொல் அந்த வீட்டுக்கு என்ன சொல் என்று மருத்துவருக்குத் தெரியாது.

வெளியே, நோயாளிகள் போர்வையோடு தரையில் படுத்திருந்த தாழ்வாரத்தில், அத்தை நின்றார்.

“உன்ன யாருடி கேட்டா?”

“அத்தை, அவங்க சொன்னது கேட்டுச்சில்ல?”

“டிகிரி வாங்கனது என்னக் காட்டிக் குடுக்கறதுக்குத்தானா? எங்க வூட்ல சோறு துன்னுட்டு...” இருமல் வந்து அந்த வாக்கியத்தை முடிக்க விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்ததும் குரல் இறங்கியிருந்தது. “சரி, அதுங்க வர்லன்னா நான் காலையில இன்னாத்துக்கு எழுந்துக்கறது? அத்தச் சொல்லு.”

 ஆட்டோவில் வீடு வரும்வரை அதற்குப் பதில் தேடினேன். வாழ்க்கை, வேலை, நான் இருக்கிறேன் என்று வந்த எல்லாமே யாரோ எழுதி வைத்துப் போனது மாதிரி இருந்தது.

ஹம்சா மாமி சொல்லியனுப்பி, மறுநாளே பால்கனியில் புறா நுழையாமல் வலை கட்டுகிற ஆள் வந்தார். தில்லியில் இப்போது பாதி பால்கனிகளுக்கு வலை இருக்கிறது. அவர் நைலான் சுருளைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, பால்கனி மூலையில் கிடந்த பழைய ஏர் கூலரை நகர்த்தினார். அதன் பின்னால் நாலு குச்சியும் ஒரு துண்டு கம்பியுமாக ஒரு கூடு. அதில் மஞ்சள் மயிர் ஒட்டிய இரண்டு குஞ்சுகள். பாப்பா எழுந்து நின்று இறக்கையை விரித்தது.

“மாதாஜி, தூக்கிப் போட்டுடவா?” என்றார் இந்தியில். கெட்ட மனுஷர் இல்லை. எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி அது.

அத்தை கூலருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“பையா, குஞ்சு பறக்கட்டும். அப்புறம் வா.”

“ஜல்தி சொல்லுங்க மாதாஜி, இன்னும் மூணு வீடு பாக்கி இருக்கு.”

“அதான் சொல்லிட்டேனே. போ.”

மருத்துவர் இன்றைக்கே என்றுதான் சொல்லியிருந்தார். நான் அத்தையோடு பேரம் பேசினேன். பால்கனிக் கதவின் இடுக்கெல்லாம் பழுப்பு டேப் ஒட்டுவேன். அவர் அந்தப் பக்கம் போகக் கூடாது. கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். சோறு கிடையாது. குஞ்சுகள் பறந்ததும் வலை. அத்தை ஒத்துக்கொண்டார். தன் கையாலேயே டேப்பைக் கிழித்துக் கிழித்து எனக்குக் கொடுத்தார்.

சில நாள் அது நடந்தது. நாற்காலியைக் கண்ணாடிக்கு அருகில் போட்டு உட்கார்ந்திருப்பார். தட்டில் ஒன்றும் இல்லாததால் அண்டர் செகரட்டரி வருவதை நிறுத்திக்கொண்டது. “ட்ரான்ஸ்பர் வாங்கிக்கினாரு” என்றார். மாத்திரை வேலை செய்தது, இருமல் கொஞ்சம் இறங்கியது. நான் நம்பத் தொடங்கினேன்.

பிறகு பாப்பா ஒருநாள் திரும்பி வரவில்லை. பருந்தா, யார் வீட்டு வலையா, தெரியாது.

“ஆண் புறாவும் ஊட்டும் அத்தை. அதுக்கும் பால் சுரக்கும், நான் படிச்சிருக்கேன்” என்றேன்.

“எங்க, வரலியே?” என்றார் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமல். “ஜாயிண்ட் செகரட்டரி மீட்டிங்ல கீறாரு போல.”

அதற்கு மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது டேப் நேராக அறுபட்டுக் கிடந்தது. அதே தையல் கத்தரி. அத்தை பால்கனித் தரையில், எச்சத்தின் மேலேயே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகக்கவசம் இல்லை. பக்கத்தில் கிண்ணத்தில் குழைத்த சோறு. மடியில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு குஞ்சு, செத்துப்போயிருந்தது. இன்னொன்று அவருடைய இடது கைக்குள் தொண்டை புடைக்க, நன்றாகத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தது. அத்தையின் உதடுகள் நீலமாக இருந்தன. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

ஹம்சா மாமியின் காரில் கொண்டுபோனோம். வழியெல்லாம் மாமி, “பைத்தியக்காரி, பைத்தியக்காரி” என்று சொல்லிக்கொண்டே அத்தையின் முதுகைத் தடவினார். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்து, நரம்பில் மருந்து ஏற்றினார்கள். இந்த முறை அத்தைக்கு ஆக்ஸிஜன் கிடைத்தது. ஆக்ஸிஜன் வரும் புட்டியில் குமிழிகள் எழும் நீரையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். யாரை நினைத்துக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் குஞ்சு இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் இரவும் காலையும் ஊட்டினேன். அத்தையைக் கொல்லப் பார்த்த ஒன்றுக்கு விரலால் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறேனே என்று தோன்றியது. அது என் விரலை அலகால் பிடித்துத் தள்ளித் தள்ளித் தின்றது. அதற்கு ஒன்றும் தெரியாது. அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அன்பும் வரவில்லை. சூடாக இருந்தது, அவ்வளவுதான். அட்டைப் பெட்டியில் துளை போட்டு, ஆட்டோ பிடித்து, பழைய தில்லியில் பறவைகளுக்கென்று இருக்கும் தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஒருவர் வாங்கி, தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, கூண்டுகள் அடுக்கியிருந்த பக்கமாக உள்ளே போனார். திரும்பி வரவில்லை. நானும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

வலை ஆள் வந்து வலை கட்டினார். பால்கனியை முகக்கவசம் போட்டு, ப்ளீச்சிங் கரைத்த தண்ணீரை ஊற்றி ஊற்றி நான் கழுவினேன்.

அத்தை பேசத் தொடங்கியதும் முதலில் கேட்டது அதைத்தான். “ஒண்ணு இருந்துச்சே?”

“பறவை ஆஸ்பத்திரில குடுத்துட்டேன்.”

“உசுரோட கீதா?”

நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். படுக்கையில் இருப்பவர்களிடம் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள். “குடுக்கறப்ப இருந்துச்சி அத்தை. அப்புறம் தெரியாது.”

“ம்” என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப்பற்றிக் கேட்கவே இல்லை.

வீடு திரும்பிய பிறகும் சில காலைகளில் புறாக்கள் வந்து வலையில் மோதின. ஜாயிண்ட் செகரட்டரி வெளிவிளிம்பில் இப்படியும் அப்படியுமாக நடந்து பார்த்துவிட்டுப் போனது. அத்தை விழித்துக்கொண்டு படுக்கையிலேயே கிடப்பார். எழுந்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவர் கேட்ட கேள்வி அப்படியேதான் இருந்தது.

பிப்ரவரியில் மறுபடி ஊதச் சொன்னார்கள். மருத்துவர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “மூச்சின் அளவு கூடவில்லை. ஆனால் குறையவும் இல்லை. நின்றிருக்கிறது” என்றார். போன மூச்சு போனதுதான். இருப்பதை வைத்துத் தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும், மெதுவாக. ஆபீசில் உட்கார்ந்து செய்கிற வேலை கேட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து நடந்தோம். குடியிருப்பை இடித்துக் கட்டியபோது தப்பிய சில பழைய மரங்கள் உள்சாலையில் இருக்கின்றன. அத்தை ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். வேம்பு, அரசு, மறுபடி வேம்பு. காவலாளி வந்து, “க்யா ஹுவா, ஆன்ட்டி?” என்று, என்ன ஆயிற்றென விசாரித்தார். “பேட் தேக் ரஹி ஹூம்” என்றார் அத்தை. மரம் பார்க்கிறாராம். எனக்கு மனசு கொஞ்சம் லேசானது.

“என்ன அத்தை தெரியுது மேல?”

“ஒரு மண்ணும் தெரியல. மூச்சு வாங்கறன்.” பேச்சின் நடுவே மூச்சுக்கு இடைவெளி விட்டார். “சும்மா நின்னா நாலு பேரு வந்து இன்னா ஏதுன்னு கேப்பாங்க. மரத்தப் பாக்கற மாதிரி நின்னா எவனும் கேக்க மாட்டான். வா.”

அப்படியே பல நாள் நடந்தோம். மரத்துக்கு மரம் நிற்பதும், பார்ப்பதுபோல நிற்பதும்.

குளிர் விட்டு, இலவ மரம் ஓர் இலைகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்திருந்த ஒரு காலை. அதன் அடியில் அத்தை வழக்கம்போல நின்றார். வழக்கத்தைவிட நேரமானது. எனக்குப் பயம் வந்தது. அவர் தோளைத் தொட்டேன்.

“உக்காரலாமா அத்தை? ரொம்ப வாங்குதா?”

“இரு. மூச்சு அப்பவே வந்துட்ச்சி. இப்ப நெசமாவே பாக்கறன்.”

அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். உயரத்தில் பட்டுப்போன ஒரு கிளை. அதன் அடிப்பக்கத்தில் ஒரு பச்சைப் பறவை தொற்றிக்கொண்டு, அலகால் மரத்தைக் குடைந்துகொண்டிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. நெற்றியில் சிவப்பு. மரத்தூள் வெயிலில் இறங்கிப் பாதி வழியிலேயே காணாமல் போயிற்று.

“அது இன்னாடி?”

“குக்குறுவான். பொந்து குடையுது. முட்டை வைக்க.”

அத்தை கண்ணைச் சுருக்கிப் பொந்தைத் தேடினார். பிறகு, மருத்துவரிடம் கேட்பதுபோலவே என்னிடம் கேட்டார்: “அவ்ளோ தூரத்துல இருந்தா ஒண்ணும் பண்ணாதில்ல?”

எனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் இதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது.

“பண்ணாது அத்தை.”

“அதுக்கு நம்மள யாருன்னே தெரியாது” என்றார். குறையாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பறவை தலையைப் பொந்துக்குள் விட்டு, வெளியே எடுத்து, அலகை உதறியது. அத்தை முகக்கவசத்தை மூக்கின் மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அங்கேயே நின்றார்.